புள்ளி நின்றால்

எசன்
09.03.2025

அன்புத் தம்பி துரைக்கு,

அக்கா எழுதுகிறேன். காலும் நெஞ்சும் ஒழுங்காக வேலை செய்கின்றன. இடது காது மட்டும் தனக்குப் பிடித்ததைத்தான் கேட்கிறது. நீயும் மகள் மிதுஷாவும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நீ அனுப்பிய தடித்த உறை வெள்ளிக்கிழமை வந்தது. நான் கேட்காமலே அனுப்பியது. மலைக்குக் கொண்டுபோகும் கருவிகளைப் பற்றிப் பதினெட்டுப் பக்கம் அச்சடித்து, நீ நல்லது என்று நினைத்த இடமெல்லாம் மஞ்சள் கோடும் போட்டிருக்கிறாய். எனக்கு அறுபத்தேழு வயது. ஜேர்மன் மொழியைக் குப்பைக்குப் போகும் பேப்பர்களை வாசித்துப் படித்தேன். நிலப்படம் பார்க்க நூலகப் புத்தகத்தில் படித்தேன். மஞ்சள் கோடு இல்லாமலும் எனக்கு வாசிக்கத் தெரியும்.

வாசித்தேன். மூன்று வகை இருக்கிறது. முதலாவது வெறும் ஜீபிஎஸ். வானத்தில் சுற்றும் செய்மதி சொல்வதைக் கேட்டு, நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்குக் காட்டும். ஒருவருக்கும் ஒன்றும் அனுப்பாது. கடையில் வாங்கும் சின்னப் பற்றரி இரண்டு போதும். கையுறை போட்டுக்கொண்டும் பொத்தானை அழுத்தலாம். இரண்டாவது, உள்ளங்கைக்குள் அடங்கும் செம்மஞ்சள் பெட்டி. போன் இழுக்காத, சிக்னல் இல்லாத மலையிலும் செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும், வாங்கும். அதோடு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நான் நிற்கும் இடத்தை ஒரு புள்ளியாக உன் கொம்பியூட்டருக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். மூன்றாவது, இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தது. பாரமும் அதற்கேற்ப. நீ ஆக அதிகம் கோடு போட்டது மூன்றாவதுக்கு.

நான் வாங்கப் போவது முதலாவது. செப்டெம்பரில் அல்ப்ஸ் மலையடி ஒபர்ஸ்டோர்ஃபில் இருந்து ஆறு நாள், மலைக்குடில்களில் தங்கித் தங்கி நடக்கப் போகிறேன். ஒவ்வொரு வருடமும் கூட நடக்க வரும் சிநேகிதி ஹன்னலோராவுக்கு முழங்கால் ஒப்பரேசன், ஆகவே தனியாகத்தான். நான் எங்கே நிற்கிறேன் என்பது எனக்குத் தெரிந்தால் போதும்.

இதற்குப் பதில் சொல்லப் போன் எடுக்காதே. போனில் நான் ஒரு வசனம் முடிக்க முன்னம் நீ மூன்று வசனம் சொல்லிவிடுவாய். எழுது.

உன் அக்கா
சுந்தரேஸ்வரி


ஸ்டுட்கார்ட்
23.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சுகம். மிதுஷாவுக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது, அவ்வளவுதான். உங்கள் காதை ஒருக்கால் டொக்டரிடம் காட்டுங்கோ. பிடிக்காததும் காதில் விழட்டும்.

கோவிக்காமல் இதை வாசியுங்கோ. நீங்கள் விழுந்து கால் முறிந்து கிடக்கிறீர்கள் என்று வைப்போம். அந்த முதலாவது கருவி என்ன செய்யும்? நீங்கள் கிடக்கும் இடம் எது என்று மூன்று மீற்றர் திருத்தமாக உங்களுக்கே சொல்லும். நீங்கள்தானே அக்கா அங்கே கிடக்கிறீர்கள்!

போன வருடம் இரண்டு நாள் உங்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. போன் இழுக்கவில்லை என்று பிறகு சொன்னீர்கள். அந்த இரண்டு நாளும் தொழிற்சாலையில் நான் ஒரு பெட்டி ஆணியைப் பிழையான அளவில் வெட்டிப் பேச்சு வாங்கினேன். அறுபத்துநாலு வயதில், தாடி வளராத ஒரு மேலாளரிடம்.

மற்ற இரண்டிலும் ஆபத்துப் பொத்தான் இருக்கிறது. அழுத்தினால், பகலும் இரவும் ஆள் இருக்கும் ஒரு நிலையத்துக்குப் போகும். அவர்கள் மீட்புப் படையை அனுப்பிவிட்டு, நீங்கள் பதிந்து வைத்த ஆளுக்குப் போன் எடுப்பார்கள். அந்த ஆளாக நான் இருக்கிறேன். புள்ளி வரும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருப்பேன். கரைச்சல் தரமாட்டேன். சும்மா பார்ப்பேன்.

யோசித்து எழுதுங்கோ.

அன்புடன் தம்பி
துரை


எசன்
06.04.2025

அன்புத் தம்பி துரைக்கு,

நான் சுகம். மிதுஷாவுக்கு மிளகும் மல்லியும் அவித்துக் கொடுத்திருப்பாய் என்று நம்புகிறேன்.

சும்மா பார்ப்பேன் என்று எழுதியிருக்கிறாய். என்னைச் சும்மா பார்த்தவர்கள் செய்த வேலை உனக்கு மறந்துபோயிற்று. உனக்குத் தெரிந்த கதைதான், மறந்தவன் போல எழுதுகிறபடியால் திரும்ப எழுதுகிறேன்.

1988 நவம்பர். நான் சவர்லாந்தில் அகதிகள் விடுதியில். உன் அத்தான் எசனில் ஆஸ்பத்திரியில், இருதயம் பழுது. நாங்கள் கலியாணம் கட்டி மூன்று வருடம், அதில் ஒன்றாக இருந்தது பதினொரு மாதம். அந்த நாளில், விண்ணப்பம் முடியும்வரை எங்களைப் பதிந்த மாவட்டத்தைத் தாண்டக் கடிதம் வேண்டும். கடிதத்துக்கு ஒரு கிழமை செல்லும் என்றார்கள். நான் கடிதம் இல்லாமலே ரெயின் ஏறினேன். அப்போது எசனில் இருந்த நீ, ஸ்ரேசனில் என்னைக் கூட்டிப்போகக் காத்து நின்றாய்.

ஹாகனில் மாற வேண்டிய ரெயினைத் தவறவிட்டுவிட்டு, மேடையில் ஒரு மர வாங்கில் குந்தியிருந்தேன். இரண்டு பொலிஸ்காரர் வந்தார்கள். மேடையில் அறுபது பேராவது நின்றிருப்பார்கள். ஒருவரையும் அவர்கள் பார்க்கவில்லை. நேரே என்னிடம் வந்து என் பெயரைச் சொன்னார்கள், துரை. கடித்துக் குதறித்தான் சொன்னார்கள், ஆனால் முழுப் பெயர். பின்னேரமே விடுதியில் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அனுமதிக் கடிதம் எட்டாம் நாள் வந்தது. உன் அத்தான் ஆறாம் நாள் போய்விட்டார்.

நான் புறப்பட்டது இரண்டு பேருக்குத்தான் தெரியும். உனக்கும், பக்கத்து அறைச் சுலோஜனாவுக்கும். நீ சொல்லமாட்டாய். அவளின் கையைப் பிடித்து, விடுதிப் பொறுப்பாளர் கேட்டால் நான் படுத்திருக்கிறேன் என்று சொல்லு என்றேன். தலையாட்டினாள். அன்றிலிருந்து அவளோடு எனக்குக் கதை இல்லை.

நான் எங்கே இருக்கிறேன் என்று ஒருவருக்குத் தெரிந்ததன் பலனை நான் அனுபவித்துவிட்டேன். இன்னொரு தரம் வேண்டாம்.

உன் அக்கா
சுந்தரேஸ்வரி


ஸ்டுட்கார்ட்
28.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி? நாங்கள் பரவாயில்லை. ஏழு கிழமை பதில் போடாமல் இருந்ததற்கு மன்னியுங்கோ. தொழிற்சாலையில் ஆள் குறைவு, ஒவ்வொரு சனியும் வேலை. இடையில் காய்ச்சலும் வந்தது.

உங்கள் கடிதத்தை வாசித்தேன்.

கருவியைப் பற்றி இன்னும் விசாரித்தேன். செய்தி போவதற்கு வானம் திறந்திருக்க வேண்டுமாம். ஒடுங்கிய பள்ளத்தாக்கிலும் அடர்ந்த காட்டிலும் பத்து இருபது நிமிடமும் செல்லலாம். மூன்றாவதை விட இரண்டாவது பாதிப் பாரம், பற்றரியும் கன நாள் நிற்கும். திசை பார்க்க உங்களுக்கு நிலப்படமே போதும் என்றபடியால் இரண்டாவதை எடுக்கலாம். மாதச் சந்தாவை நடக்கும் மாதத்துக்கு மட்டும் கட்டலாம்.

நீங்கள் அதை வாங்கினால் ஒரு காரியம் செய்யுங்கோ. ஆபத்துக்குக் கூப்பிடும் ஆளாக என் பெயரைப் போட வேண்டாம். மிதுஷாவைப் போடுங்கோ. அவள் நிதானமான பிள்ளை.

ஸ்டுட்கார்ட்டில் ஒரே மழை.

அன்புடன் தம்பி
துரை


எசன்
08.06.2025

அன்புத் தம்பி துரைக்கு,

காய்ச்சல் விட்டதா? நான் சுகம். காதைக் காட்டினேன். அழுக்குத்தானாம்.

போன கிழமை கடைக்குப் போனேன். விற்கிற பெடியன் எனக்குக் காது கேட்காது, ஜேர்மன் தெரியாது, புத்தியும் இல்லை என்று ஒரே பார்வையில் முடிவு கட்டிவிட்டான். "பா-ட்-டி, இது செய்-மதி" என்று கையை மேலே காட்டினான். நான் கேட்டேன்: "பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புள்ளி அனுப்பினால் பற்றரி எத்தனை நாள் நிற்கும்? குளிர் சுழியத்துக்குக் கீழே போனால் எத்தனை நாள்? செய்தி போய்ச் சேர்ந்ததா இல்லையா என்பதை எந்த வெளிச்சம் காட்டும்?" பெடியன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு உள்ளே போய் வயதான ஒருவரைக் கூட்டிவந்தான்.

இரண்டாவதை வாங்கிவிட்டேன். உனக்காக இல்லை. விழுந்து கிடக்கும் இடத்தை எனக்கே சொல்லும் கருவி எதற்கு என்று நீ கேட்ட கேள்விக்கு இரண்டு மாதத்துக்கு மேல் யோசித்தும் எனக்குப் பதில் வரவில்லை. பதில் இல்லாத இடத்தில் பிடிவாதம் பிடிக்க நான் விசரி இல்லை.

பீலெஃபெல்டில் நடந்த எங்கள் ஊராரின் கலியாணத்துக்கு நீ ஏன் வரவில்லை? சுலோஜனா வந்திருந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. கையில் பாயசக் கோப்பையோடு என் மேசைக்கே வந்து, "அக்கா, சுகமோ? என்னோடை இன்னும் கோவமோ?" என்றாள். நான் பக்கத்தில் இருந்த மனிசியைப் பார்த்து, "இந்த மண்டபத்திலை ஏதோ நாறுது" என்றேன். அவள் திரும்பிய வேகத்தில் பாயசம் மேசை விரிப்பில் ஊற்றுப்பட்டது. பத்துப் பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இப்போது நீ எனக்குப் பதில் சொல்ல வேண்டும். மார்ச்சில் அந்த ஆளாக நான் இருக்கிறேன் என்று கெஞ்சினாய். மேயில் என் பெயர் வேண்டாம் என்கிறாய். இடையில் என்ன நடந்தது?

உன் அக்கா
சுந்தரேஸ்வரி


ஸ்டுட்கார்ட்
15.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் நல்லாக இருக்க வேண்டும். என் சுகத்தைப் பற்றி எழுத இன்று ஒன்றும் இல்லை.

சுலோஜனா சொல்லவில்லை. நான்தான்.

நீங்கள் வர வேண்டிய ரெயினில் நீங்கள் இறங்கவில்லை. எல்லாரும் போய் முடிந்து மேடை வெறுமையாயிற்று. எனக்கு இருபத்தேழு வயது. உங்களை யாரும் ஏதும் செய்துவிட்டார்களோ என்று பயந்தேன். ஸ்ரேசன் ரெலிபோன் பெட்டிக்குள் போய் விடுதிக்கு எடுத்தேன். "என் அக்கா புறப்பட்டுவிட்டாவா? ஹாகனில் மாறி வர வேண்டியவ, இன்னும் வரவில்லை" என்று எனக்குத் தெரிந்த ஜேர்மனில் கேட்டேன். பொறுப்பாளர் சரியான அன்பாகக் கதைத்தார். பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டார். நான் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். உங்களைத் தேடித் தரப்போகிறார் என்று நினைத்து நன்றியும் சொன்னேன்.

நான் எடுத்து இருபது நிமிடத்தில் ஹாகனில் இருந்து அடுத்த ரெயின் புறப்பட்டதாம். அக்கா, நான் இருபது நிமிடம் பொறுத்திருந்தால் போதும்.

நீங்கள் சுலோஜனாவின் பெயரைச் சொன்ன அன்று நான் வாயைத் திறக்கவில்லை. செத்தவீட்டில் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். முப்பத்தொன்றாம் நாள் சடங்கு முடியட்டும் என்று நினைத்தேன். பிறகு ஆண்டுத்திவசம். பிறகு சொல்ல ஏலாமலே போய்விட்டது. கலியாணத்துக்கு நான் வராதது அவ வருவா என்று தெரிந்தபடியால்தான்.

உங்கள் புள்ளியைப் பார்க்க எனக்குத் தகுதி இல்லை.

துரை


எசன்
02.08.2025

துரைக்கு,

சுலோஜனாவுக்குக் கடிதம் போட்டுவிட்டேன். நான் செய்தது பிழை என்றும், சொன்ன ஆள் யார் என்றும் பெயரோடு எழுதினேன்.

உனக்கு எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் கருவியைப் பதிந்து முடிக்க ஒரு பெயர் வேண்டும். மிதுஷாவின் பெயரைப் போட மாட்டேன். அந்தப் பிள்ளை ஏன் அந்தரப்பட வேண்டும்? உன் பெயரைப் போட்டிருக்கிறேன். புள்ளி வரும் பக்கத்தின் விலாசம் இந்தத் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது.

செப்டெம்பர் முதலாம் திகதி புறப்படுகிறேன். இது நிபந்தனை. புள்ளி நின்றாலும், புள்ளி மறைந்தாலும், புள்ளி பள்ளத்துக்குள் போனாலும் நீ ஒருவருக்கும் போன் எடுக்கக் கூடாது. உதவி வேண்டுமென்றால் பொத்தானை நான் அழுத்துவேன். எனக்கு விரல் இருக்கிறது. நீ கையைக் கட்டிக்கொண்டு பார். பார்த்துக்கொண்டு இருப்பது எப்படி என்று ஆறு நாள் படி.

சுந்தரேஸ்வரி


ஸ்டுட்கார்ட்
03.09.2025, புதன்

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஏதாவது செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அது போனை எடுத்துவிடும். ஆறு நாள் லீவு போட்டுவிட்டேன்.

திங்களும் செவ்வாயும் புள்ளிகள் வடிவாக வந்தன. குடிலுக்கு வந்துவிட்டேன் என்ற உங்கள் செய்தியும் வந்தது. இன்று பகல் ஒன்று நாற்பதில் இருந்து புள்ளி ஒரே இடத்தில் நிற்கிறது.

இரண்டரை. சாப்பிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

மூன்று பத்து. நீங்கள் இவ்வளவு நேரம் சாப்பிடுகிற ஆள் இல்லை. பக்கத்தில் ஒரு குடிலும் இல்லை. நிலப்படத்தில் உயரம் காட்டும் கோடுகள் நெருக்கமாக இருக்கின்றன. செங்குத்தான இடம் என்கிறாள் மிதுஷா.

மூன்றரை. "சுகமோ" என்று செய்தி அனுப்பினேன். செய்தி அனுப்பக் கூடாது என்று நீங்கள் எழுதவில்லை.

நாலேகால். பதில் இல்லை. அங்கே மழை என்று காட்டுகிறது. பொத்தானையும் நீங்கள் அழுத்தவில்லை. அழுத்தவில்லை என்றால் உங்களுக்கு ஒன்றும் இல்லை. மிதுஷா, "அப்பா, எடுங்கோ" என்கிறாள். நிபந்தனையை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "உங்கள் ரெண்டு பேருக்கும் விசர்" என்றாள்.

ஐந்து பத்து. வேண்டுமென்றே பெட்டியை ஒரு கல்லில் வைத்துவிட்டு என்னைச் சோதிக்கிறீர்களோ என்றும் நினைத்தேன். அப்படியென்றால் நல்லது. அப்படியே இருக்க வேண்டும்.

ஐந்து ஐம்பது. நான் எடுக்கப் போகிறேன், அக்கா. நீங்கள் சும்மா படுத்திருந்தாலும் எடுக்கப் போகிறேன். இதற்குப் பிறகு என் முகத்தில் நீங்கள் விழிக்காவிட்டால் அது உங்கள் விருப்பம்.

துரை


அல்கோய், ஆஸ்பத்திரி
10.09.2025

அன்புத் தம்பி துரைக்கு,

நான் சுகமில்லை. வலது கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்து, ஆறு திருகாணியும் ஒரு தகடும் போட்டிருக்கிறார்கள். மற்றப்படி வாய் வேலை செய்கிறது, தாதிமார் சாட்சி. நீ மூன்று நாள் இந்தக் கட்டிலடியில் இருந்துவிட்டுப் போனாய். இருவரும் சாப்பாட்டைப் பற்றியே கதைத்தோம். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு ஏலாததை எழுதுகிறேன்.

சரளைச் சரிவைக் கடக்கும்போது மழை வரும்போல இருந்தது. மழைச்சட்டை எடுக்கப் பையைக் கழற்றி வைத்தேன். பை உருண்டது. அதைப் பிடிக்கப் போய் நானும் போனேன். பை என்னைவிட இருபது மீற்றர் கீழே போய் நின்றது. செம்மஞ்சள் பெட்டி பையின் வாரில் கொளுவியிருந்தது. அதை உடம்போடு வைத்திருக்க வேண்டும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்கு வாரில் கொளுவினால்தான் வசதி. போன் பைக்குள். பெட்டியின் சின்ன வெளிச்சம் விட்டுவிட்டு மினுங்குவது எனக்குத் தெரிந்தது. அது புள்ளியை அனுப்பிக்கொண்டிருந்தது. விரல் இருந்தது, பொத்தானுக்கு எட்டவில்லை. ஊர்ந்து பார்த்தேன், நோவில் கண் இருட்டியது. மழை அறிவிப்பு என்றபடியால் அந்தப் பாதையில் ஒரு மனிசரும் வரவில்லை.

முதல் ஒரு மணித்தியாலம் எனக்குப் பயமே இல்லை. துரை இப்போது எடுத்திருப்பான் என்று நினைத்தேன். அவனால் இருபது நிமிடம் பொறுக்க ஏலாதே என்று நினைத்துச் சிரித்தும் இருப்பேன். பிறகு மழை வந்தது. பல்லு அடித்தது. அப்போதுதான் நான் உனக்கு என்ன எழுதினேன் என்பது நினைவுக்கு வந்தது. நீ அதன்படி நடப்பாய் என்பதும் விளங்கியது. கேட்க ஆள் இல்லாத மலை என்றபடியால் பலமாகவே கத்தினேன். "எடடா துரை! எடடா, விசரா, எடு!" என்று தொண்டை போகும்வரை கத்தினேன்.

முகில் மூடியபடியால் ஹெலிகொப்டர் வரவில்லை. நாலு பேர் நடந்து வந்தார்கள். வெளிச்சம் போகத் தொடங்கியிருந்தது. அவர்களில் தாடிக்காரன் ஒருவன் என் காலைக் கட்டும்போது சொன்னான்: "உங்கள் தம்பி மீட்பு நிலையத்துக்கு இடத்தின் இலக்கங்களை ஒவ்வொன்றாக, இரண்டு தரம் வாசித்தாராம். அழுதுகொண்டு வாசித்தாராம். ஆனால் ஓர் இலக்கமும் பிழைக்கவில்லை."

நான்கு மணித்தியாலமும் பத்து நிமிடமும், துரை. அதற்கு நீ பொறுப்பு இல்லை. நான் எழுதிய நிபந்தனைதான் பொறுப்பு.

உன் அத்தானின் காரியத்தை நான் மன்னித்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். எழுதினால் பொய். அது இருக்கிற இடத்தில் இருக்கட்டும். சுலோஜனா எனக்கு இன்னும் பதில் போடவில்லை. நான் அவளை எத்தனை வருடம் காக்க வைத்தேன்? அவளும் வைக்கட்டும்.

வருகிற வருடம் கால் சரிவந்தால் நடப்பேன். டொக்டர் ஏலாது என்று தலையை ஆட்டினார். அவர் ஆட்டட்டும். பெட்டியும் வரும், பையில் இல்லை, நெஞ்சோடு. உன் பெயர்தான் அதில் இருக்கும். ஓகஸ்டில் எழுதிய நிபந்தனையைக் கிழித்துப் போடு. இதுதான் புதியது: புள்ளி அரை மணித்தியாலம் நின்றால் போன் எடு. நான் பாறையில் இருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தாலும் எடு. எனக்குக் கோவம் வரும், நான் ஏசுவேன், அதற்காக எடுக்காமல் விடாதே. என்னை மீட்க ஏறி வருகிறவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

உன் அக்கா
சுந்தரேஸ்வரி